பின்சக்கரத்தைப் பிடித்த கை

ஜூன் 3, செவ்வாய்

அவர் எப்போது வீட்டுக்கு வருவார் என்று அத்தையிடம் தொலைபேசியில் கேட்டேன். கால் தேறிவிட்டதாம். கைத்தடியோடு மாடிப்படி ஏறிப் பழகுகிறாராம். "அந்த ஒடஞ்ச வண்டி வாசல்ல நிக்கிற வரைக்கும் என் புள்ளைக்கு அங்க வர மனசு வருமா? நீயே சொல்லு" என்றார். பிறகு வழக்கமான கேள்வி. "மெதுவா போ, மெதுவா போன்னு அவன் அடிச்சிக்கிட்டானாமே. காதுல வாங்குனியா நீ?"

வாங்கவில்லை. மார்ச்சில் அந்த இறக்கத்தில் பைக்கை ஓட்டியது நான். கணவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். கிளம்பியதிலிருந்தே முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல்: மெதுவா, மெதுவா. நான் ஓட்டுவதில் நம்பிக்கை இல்லை போல என்று எனக்கு ரோஷம். கொஞ்சம் கூடவே முறுக்கினேன். வளைவில் பின்சக்கரம் ஒரு ஆட்டம் ஆடியது, அடுத்த நொடி சாலையில் கிடந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருக்குத் தொடை எலும்பு.

மருத்துவமனையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டே, "மன்னிச்சிட்டேன், விடு" என்றார். மூன்று மாதமாக அந்த ஒரு வார்த்தையில்தான் என் உயிர் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 4, புதன்

வண்டியை நானே சரிசெய்யப் போகிறேன். ஒடித்தது நான்தானே.

ஜூன் 7, சனி

மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போனார். மற்றதெல்லாம் மேல்பூச்சுக் காயம்தானாம். போனது ஸ்விங் ஆர்ம் ஒன்றுதான். வண்டியின் இடுப்பிலிருந்து பின்னால் நீண்டு, பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் இரும்புக் கை. இடது பக்கம் முறுக்கிக்கொண்டு பிளந்திருக்கிறது. விழுந்ததில் போயிருக்கும் என்றேன். அவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். சேறு அப்பியிருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

"கடைக்குத் தள்ளிட்டு வாங்க, அரை நாள் வேலை."

"இல்லண்ணா, நானே செய்றேன்."

"ஏம்மா, அப்ப நான் வந்து உங்க லைப்ரரில புக்கு அடுக்கட்டுமா?"

சிரித்தேன். எத்தனை நாளாயிற்று சிரித்து. கடைசியில் கருவிப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, எதை எந்த வரிசையில் கழற்ற வேண்டுமென்று சொல்லிவிட்டுப் போனார். வண்டியோடு வந்த கையேட்டையும் முழுக்கப் படித்தேன். எழுதியவருக்கு வினைச்சொற்களைத் தவிர வேறெதுவும் தெரியாது போலிருக்கிறது. தளர்த்துக. இழுக்க. துடைக்க. வருந்துக என்று எங்கும் இல்லை. எனக்கு இப்போதைக்கு இந்த மாதிரி எழுத்துதான் வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். சக்கரம் வந்துவிட்டது, ஷாக் அப்சார்பர்களின் கீழ் போல்ட் இரண்டும் வந்துவிட்டன. கையை வண்டியோடு சேர்க்கும் நீளமான அச்சு போல்ட் மட்டும் அசையவில்லை. துரு. எண்ணெய் ஊற்றிக் காத்திருந்தேன், தட்டினேன், கெஞ்சினேன், திட்டினேன்.

கீழ் வீட்டு அக்கா துணி காயப்போட வந்தவர் நின்று பார்த்தார். "என்னடி இது, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி பரப்பி வச்சிருக்க?"

"கொஞ்சம் பிடிச்சுக்கோங்க அக்கா."

"இந்தப் பாடு எதுக்கு? அந்த மனுஷன் வந்து பாத்துட்டு மெடல் குத்தப் போறாரா?"

வந்து பார்த்தாலே போதும் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா வண்டியை அணைத்துப் பிடிக்க, பதினோரு மணிக்கு போல்ட் ஒரு அலறலோடு வெளியே வந்தது. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். மனசுக்கு இதமாக இருந்தது. அடி வாங்க வேண்டியவளுக்கு ஏதோ கொஞ்சம் அடி கிடைத்த மாதிரி.

ஜூன் 10, செவ்வாய்

எப்படி எழுதுவது.

மதிய இடைவேளையில் பழைய கையைச் சாக்கில் சுற்றி உதிரிபாகக் கடைக்கு எடுத்துப்போனேன், அளவு பார்க்க. கடைக்காரர் சேற்றைத் துடைத்தார். பிளந்த இடத்தைச் சாவியால் சுரண்டினார். கறுப்பு பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் மெழுகு வழிந்து உறைந்தாற்போல் ஒரு மேடு.

"இது விழுந்ததுல போனதில்லம்மா. முன்னாடியே விரிசல் விட்டிருக்கு. யாரோ வெல்டிங் அடிச்சு மேல பெயின்ட் பூசியிருக்காங்க. அந்த ஒட்டுதான் விட்டுப்போச்சு. இதுல ரெண்டு பேரு வேற போனீங்களா? ஆயுசு கெட்டி உங்களுக்கு."

பழைய வண்டியாக வாங்கியிருந்தால் யாரோ ஒருவர் மேல் பழி போட்டிருக்கலாம். புதிதாக எடுத்த வண்டி. அதன் மேல் எங்கள் இருவர் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் "சர்வீஸ்" என்று எடுத்துப்போனார். திரும்பி வந்தபோது கட்டைவிரல் நகத்தில் கறுப்பு பெயின்ட். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டவள் நான்.

மெதுவா, மெதுவா.

நான் ஓட்டுவதற்குப் பயந்து சொன்னதில்லை அது. அவருக்குத் தெரியும். அடியில் என்ன இருக்கிறதென்று தெரியும். இறக்கம் முழுக்கத் தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஆஸ்பத்திரியில் என்னை... என்னைப் போய் மன்னிச்சாரே! எப்படி முடிஞ்சுது? எப்படி வாய் வந்துச்சு?

ஜூன் 11, புதன்

மேசையில் அடுக்க வேண்டிய புத்தகங்கள். ஒரே புத்தகத்தை மூன்று முறை தவறான அலமாரியில் வைத்தேன்.

ஜூன் 14, சனி

கடையில் வாங்கி வந்த புதுக் கையை மாட்டினேன். ஏன் மாட்டுகிறேன் என்று பத்து முறை என்னையே கேட்டுக்கொண்டேன். பாதியில் விட்டால் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பேன், அதுதான்.

கிரீஸ் தடவி, அச்சு போல்ட்டை விட்டு, முறுக்கி, நிமிர்ந்து பார்த்தால் சங்கிலி வெளியே தொங்குகிறது. மூடிய வளையம் அது. இணைப்பைப் பிரிக்க முடியாத சங்கிலி. கையை முதலில் அதற்குள் விட்டுப் பிறகுதான் வண்டியில் மாட்ட வேண்டும். கழற்றும்போது தானாக வழுகி வந்ததால் கவனிக்கவில்லை. தொலைபேசியில் மெக்கானிக் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தத் தப்ப பண்ணாதவன் மெக்கானிக்கே இல்ல. கழட்டுங்க, மறுபடி மொதல்லேர்ந்து." தவறு செய்தால் இப்படி யாராவது சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். கழற்றிவிட்டு மறுபடி மாட்டலாம்.

மாலையில் வண்டி தன் காலில் நின்றது. "வண்டி ரெடி" என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். வேறெதுவும் எழுதவில்லை. சொல்ல ஒரு வாய்ப்பு கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

வந்தார். இளைத்திருந்தார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். "நீயேவா? நெஜமாவா?" முகத்தில் உண்மையான பெருமை. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாவற்றையும் விட்டுவிடலாம் போலிருந்தது. சோறு போட்டு, பக்கத்தில் படுத்து, பேசாமல் இருந்துவிடலாம். இரண்டு நிமிடம் காத்திருந்தேன். அவராகச் சொல்லவில்லை.

பழைய கையை எடுத்து வந்து முன்னால் வைத்தேன்.

விரலால் அந்த ஒட்டைத் தடவினார். "பள்ளத்துல விட்டுட்டேன். புது வண்டி. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. தாங்கும்னு வெல்டர் சொன்னான்."

"சரி. விழுந்த அப்புறம்?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அம்மா உன்னைய திட்ட ஆரம்பிச்சிட்டாங்க. அப்புறம் நீயே வந்து மன்னிப்பு கேட்ட. அதுக்கு மேல எப்படி சொல்றது?"

"மன்னிச்சிட்டேன்னு மட்டும் சொல்ல முடிஞ்சுதா?"

தலை குனிந்தார். அழுதார், பொய்யழுகை இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இனிமே நான் இங்கயே வந்துடறேன். அம்மாகிட்ட மட்டும் இத சொல்ல வேணாம். அவங்க தாங்க மாட்டாங்க."

மூன்று மாதம் நான் தாங்கினேனே என்று கேட்க நினைத்தேன். "நீங்க அத்தை வீட்டுக்கே போங்க" என்றேன். ஆட்டோ வரும்வரை வாசலில் இருவரும் நின்றோம். ஏறும்போது தோள்கொடுத்தேன். பழக்கம்.

ஜூன் 16, திங்கள்

அவர் கோப்பையையும் கழுவி வைத்தேன். இரண்டு கோப்பை, இந்த மூன்று மாத வழக்கம்போல.

ஜூலை 5, சனி

அத்தை கூப்பிட்டார். "அவன் வரேன் வரேன்ங்கிறான், நீ வேணாம்ங்கிறியாமே. கல்லா உன் நெஞ்சு?" ஆக, இன்னும் சொல்லவில்லை. "ஏன்னு அவரையே கேளுங்க அத்தை" என்றேன். "அவனையா? என்னன்னு?" என்றவரின் குரல் இறங்கியிருந்தது. கேட்பார் என்று தோன்றியது. பதில் வருமா, தெரியாது.

மூன்று வாரமாக வேலைக்கு வண்டியில்தான் போகிறேன். பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. நான்தான் ஏதோ தப்பாக மாட்டிவிட்டேன் என்று பயந்து மெக்கானிக் அண்ணனிடம் ஓட்டிப்போனேன். அழுத்திப் பார்த்தார். "மாட்டினது பக்கா. ஸ்ப்ரிங்குதான் ரெண்டு பேரு வெயிட்டுக்கு வச்சிருக்கு. ஒத்த ஆளுதான்னா அதோட இறுக்கத்த ஒண்ணு ரெண்டு படி எறக்கணும். நான் செய்யவா?"

வீட்டில் செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐந்து நிமிட வேலை. மதியம் முழுக்கத் தள்ளிப்போட்டேன். வெயில் இறங்கியதும் போய் உட்கார்ந்து, கொக்கிச் சாவியை ஸ்ப்ரிங்கின் அடிவளையத்தில் மாட்டி, இடது பக்கம் இரண்டு படி இறக்கினேன். பிறகு வலது பக்கமும் இரண்டு படி.