கிராங்க் புல்லியில் போட்ட திருநீறு

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, துணி சோப்பால் இரண்டு முறை கழுவி, கடைசியில் எலுமிச்சைத் தோலையும் தேய்த்தாயிற்று. கையில் இன்னும் கிரீஸ் வாசனை போகவில்லை. நகக்கண்ணில் உட்கார்ந்திருக்கும் கருப்பு அசைய மாட்டேன் என்கிறது. நாளை இந்தக் கையோடுதான் பக்கத்துத் தெருக் கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை அளவெடுக்கப் போக வேண்டும். என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும். இந்த வாசனை வந்தால் வாசலில் நாற்காலி போட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள் என்று பதினைந்து வருஷமாகப் பழகிய மூக்கு இது. அதுதான் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒரு சேதி இருக்கிறது. நல்ல சேதி.

நம் கார் ஓடுகிறது. நான்தான் ஓட வைத்தேன்.

முதன்முதலில் நான் ஸ்பேனரைத் தொட்டது ஒரு கோபத்தில். வொர்க்‌ஷாப்பில் பதினோரு நாள் வண்டியைப் போட்டு வைத்திருந்து, ஒரு பெல்ட்டை மாற்றிவிட்டு, ஏதோ ஆபரேஷன் செய்து முடித்தவர்கள் மாதிரி பேசினார்கள். “தையல் மெஷினுக்கு நானே பெல்ட் மாத்தறேன், இது என்ன பெரிய கம்பசூத்திரமா?” என்று வீட்டுக்கு வந்து கத்தினேன். நீங்கள் சிரிக்கவில்லை. டேஷ்போர்டுக்குள் கிடந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். எனக்கு அந்த இங்கிலீஷ் ஓடாது. உங்களுக்கு ஸ்பேனர் ஓடாது. நீங்கள் ஒரு வரி படித்துத் தமிழில் சொல்வீர்கள், நான் ஒரு போல்ட்டைக் கழற்றுவேன். பத்திரம் எழுதுகிற ஆள் படிக்கிற படிப்பு அது, ஒரு கமாவைக்கூட விட மாட்டீர்கள். நான் அவசரப்பட்டால் உங்கள் அப்பா காலத்து பிரெஞ்சு வெளியே வரும். “தூஸ்மான்மா, தூஸ்மான்.” மெதுவாக என்று தமிழில் சொன்னால் எனக்குக் கோபம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். முத்தியால்பேட்டையில் நம் தெருவே வேடிக்கை பார்த்தது. “ஐயா மந்திரம் சொல்றாரு, அம்மா பூசை பண்றாங்க” என்று எதிர்வீட்டு அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்புறம் அந்த ஒன்றரை வருஷம். வாரத்துக்கு மூன்று நாள் கதிர்காமம் ஆஸ்பத்திரி, டயாலிசிஸ். மழையிலும் போனோம், பந்த் அன்றைக்கும் போனோம். திரும்பி வரும்போது பின்சீட்டில் சுருண்டு படுத்திருப்பீர்கள். ஒருநாள்கூட அந்த வண்டி நம்மை நடுத்தெருவில் நிறுத்தவில்லை. தை மாதம் நீங்கள் போனபிறகு எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: பழைய வண்டி, தள்ளிவிடு. என்னால் முடியவில்லை. உங்களைச் சுமந்த வண்டியைக் காயலான் கடையில் நசுக்கிப் போடுவார்களே.

ஆனால் ஆடி மாதம் அதுவே கீச்சென்று கத்த ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் பேட்டரி விளக்கு சிவப்பாக எரியும். பெல்ட்தான் என்று முடிவு கட்டி ஒரு பெல்ட் மாற்றினேன். பத்து நாள் நன்றாக இருந்து மறுபடி கத்தியது. கடைக்காரன் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டான் என்று போய் ஒரு சண்டை போட்டு, இன்னொரு பெல்ட் வாங்கி மாட்டினேன். அதுவும் கத்தியது. நீங்கள் இருந்திருந்தால் புத்தகத்தில் வேறு பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். நான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் பேசிய பையன் நிறுத்தினால் நின்றான், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

ஆயுத பூஜைக்குப் பொரி சாப்பிட வந்த உங்கள் தம்பி, வண்டி போட்ட சத்தத்தைக் கேட்டுவிட்டான். “அண்ணி, இன்ஜினே போச்சு. தனியா இத்த வெச்சிக்கினு எப்படிக் கட்டி மேய்ப்பீங்க? எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கான், ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்குவான்” என்றான். அவன் கெட்டவன் இல்லை, அக்கறையில்தான் சொன்னான். “ஞாயிறு வரைக்கும் டைம் குடுப்பா. ஓடலைன்னா எடுத்துக்கினு போவட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல வலது முன்சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் கழுவினேன். வருஷா வருஷம் அந்த நேரம் பார்த்து நீங்கள் குழைத்த திருநீற்றோடு வந்துவிடுவீர்கள், கீழே தெரியும், பெல்ட் ஓடுகிற கிராங்க் புல்லியின் முகத்தில் மூன்று விரலால் பட்டை போட. “பெல்ட்ல பட்டா வழுக்கும், தள்ளிப் போங்க” என்று நான் விரட்டுவேன். “சுத்தறதுக்குத்தாம்மா மொதல்ல போடணும்” என்பீர்கள். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது, உங்களுக்கே தெரியும். ஆனால் இந்த வருஷம் அந்தப் புல்லி வெறும் நெற்றியோடு இருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. நானே குழைத்து, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை நேராக மூன்று கோடு இழுத்துவிட்டு சக்கரத்தை மாட்டினேன்.

இரண்டு நாள் வண்டி கத்தக் கத்த ஓட்டினேன். வெள்ளிக்கிழமை, கடைசியாக ஒரு தடவை பெல்ட்டைப் பார்த்துவிடலாம் என்று சக்கரத்தைக் கழற்றினேன். உங்கள் பட்டை உடைந்திருந்தது. நடுவில் இருந்த கோடுகள் ஒரு சாய்வில், ஓரத்தில் இருந்த கோடுகள் வேறு சாய்வில். ஒரே இரும்பாக இருந்தால் கோடு எப்படி உடையும்? டார்ச்சை அடித்துப் பார்த்தேன். புல்லி ஒரே துண்டு இல்லை. உள்ளே ஒரு வட்டம், வெளியே ஒரு வளையம், இரண்டையும் பிடித்துக்கொண்டு நடுவில் ரப்பர். அந்த ரப்பர் கிழடாகிப் பிடியை விட்டிருந்தது. இன்ஜின் உள்வட்டத்தைச் சுற்ற, வெளிவளையம் வழுக்கிக்கொண்டு நின்று கத்தியிருக்கிறது. இரண்டு பெல்ட்டையும் ஒரு கடைக்காரனையும் அநியாயமாகத் திட்டியிருக்கிறேன். இன்ஜின் போகவில்லை! தரையில் உட்கார்ந்து, “ஐயோ, கண்டுபிடிச்சிட்டீங்களே” என்று உங்களிடம் சத்தமாகவே சொன்னேன்.

சனிக்கிழமை அதே கடைக்குப் போனேன். “கிராங்க் புல்லியா? மெக்கானிக் நம்பர் குடும்மா, நான் பேசிக்கறேன்” என்றான். “என் நம்பர்தான் உங்கிட்ட இருக்கே” என்றேன். போன மாதச் சண்டை ஞாபகம் வந்திருக்க வேண்டும், உடனே எடுத்துக் கொடுத்தான்.

இன்று காலை எட்டு மணிக்கே ஆரம்பித்தேன். ஜாக்கி ஏற்றி, அதை மட்டும் நம்பாமல் அடியில் தடிக்கட்டைகளை அடுக்கி, பெல்ட்டைக் கழற்றினேன். நடு போல்ட்தான் மலை. ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் இன்ஜினும் சேர்ந்து சுற்றுகிறது. கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டால்தான் அது நிற்கும். அப்போது பார்த்து உங்கள் தம்பி வந்தான், வண்டியை அனுப்பி வைக்க. “வந்ததே வந்த, உள்ள ஒக்காந்து பிரேக்க மிதி” என்றேன். “அண்ணி, எதுக்கு வீண் வேல...” “மிதிப்பா!” மிதித்தான். ஸ்பேனரில் நீளமான இரும்பு பைப்பைச் சொருகி, சுவரில் காலை உதைத்துக்கொண்டு என் முழு எடையையும் போட்டேன். முதல் தடவை இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை டக்கென்று ஒரு சத்தம். பைப் உடைந்தது என்று நினைத்தேன். போல்ட் இளகியிருந்தது.

புல்லி வரவில்லை. கடல் காற்றில் துரு ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் உங்கள் தம்பியின் போன் அடித்தது, காயலான் கடைக்காரர் கயிற்றோடு கிளம்பிவிட்டாராம். எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. சுத்தியலைக் கையில் எடுத்தும்விட்டேன். ஓங்கி ஒன்று வைத்திருந்தால் உள்ளே எது உடைந்திருக்குமோ! தூஸ்மான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வதுதான் எனக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை. அப்புறம் இரண்டு பக்கமும் நெம்புகோல் கொடுத்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். வந்தது. புதுசை அதன் பள்ளம் பார்த்துப் பொருத்தி, போல்ட்டை முடுக்கி, பெல்ட்டை மாட்டி, சக்கரத்தைப் போட்டு இறக்கினேன்.

சாவியைத் திருப்பினேன். கீச்சென்ற சத்தம் இல்லை. சிவப்பு விளக்கு அணைந்தது. முன்விளக்கைப் போட்டேன், காற்றாடியைப் போட்டேன், எதற்கும் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். எதிர்வீட்டு அக்கா கரண்டியோடு வெளியே ஓடி வந்தாள். உங்கள் தம்பி பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

மறுபடி போன் அடித்தது. அஜந்தா சிக்னல்கிட்ட வந்துவிட்டேன், எந்தத் தெரு என்று அந்த ஆள் கேட்டிருக்கிறார். உங்கள் தம்பி போனை இன்ஜினுக்கு நேராக நீட்டினான். “கேக்குதா? அந்த வண்டிதான். எங்க அண்ணி பண்ணாங்க. நீ திரும்பிப் போய்டுப்பா.” சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உங்கள் ஜாடை அவனுக்கு இவ்வளவு உண்டு என்று இன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் தனியாகத் தேங்காய்த்திட்டு வரை ஓட்டிப்போய் மீன் வாங்கி வந்தேன். ஜன்னலை இறக்கிவிட்டு, ஒரு சத்தமும் இல்லாத அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனேன். போகும்போது ஒன்று தோன்றியது. அந்தப் பதினைந்து வருஷத்தில் நான் திணறிய நாள்கள் எத்தனையோ. போல்ட் வழுக்கி, கை கிழிந்து, தப்பாக மாட்டி மறுபடி கழற்றி... ஒருநாள்கூட “இங்க குடு, நான் பார்க்கிறேன்” என்று என் கையிலிருந்து ஸ்பேனரை நீங்கள் வாங்கியதில்லை. அதனால்தான் நீங்கள் போனபிறகும் அது என் கையிலேயே இருக்கிறது.