கொன்றைக்குத் தண்ணீரை நிறுத்தினேன்

பூங்கோதை அப்பாவுக்கு கங்கம்மா எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? இருமல் மருந்தை மறக்காமல் குடியுங்கள். அடையாற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் வேலை செய்யும் இந்த அடுக்குமாடித் தோட்டத்தில் ஒரு சரக்கொன்றை ஏழு வருடமாகப் பூக்கவில்லை. சித்திரை பிறப்பதற்குள் பூக்காவிட்டால் வெட்டிவிடுவோம் என்றார் செக்ரெட்டரி. தினமும் தண்ணீரும் எருவும் கொட்டினால் மரம் இலைதானே விடும்? தை மாதமே குழாயைப் பிடுங்கிப்போட்டேன். இலையெல்லாம் உதிர்ந்தது.

"என்னம்மா, மரத்தையே கொன்னுட்டியே!" என்று செக்ரெட்டரி எல்லார் எதிரிலும் கத்தினார். மாசி பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. மறப்பேனா?

பங்குனி முடிவதற்குள் மரம் முழுக்க மஞ்சள் சரம் சரமாகத் தொங்கியது! வெட்ட வரச்சொன்ன ஆளை வேண்டாம் என்றுவிட்டார்கள். இன்று வருடப்பிறப்புப் பூஜைக்குப் பூ கேட்டு அதே செக்ரெட்டரி தட்டோடு வந்தார்.

"இன்னா சார், செத்த மரத்துப் பூ சாமிக்கு ஆவுமா?" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொடுத்தேன், ஒரே ஒரு சரம்.

வெயிலில் தலையில் கட்டிக்கொள்ள உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன். இன்னும் மூன்று வீட்டார் பூவுக்கு நிற்கிறார்கள், போகிறேன்.