வெளிச்சமில்லாத சத்தம்

காலையில் கண்ணில் விடும் சொட்டு மருந்து சற்று நேரத்தில் தொண்டைக்கு இறங்கிக் கசக்கிறது. நோயாளிகள் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. நீ உடனே நம்பினாய். எதையும் முதலில் நம்பிவிடுவது உன் வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும். எனக்கு எரிச்சலே அதுதான்.

நாம் இருவரும் செய்த கண் சோதனைக் கருவியை முதன்முதலாக அரியாங்குப்பம் கண் முகாமுக்கு எடுத்துப்போனோம். கிளாக்கோமா என்ற கண்நோய் பக்கப் பார்வையை மெல்ல மெல்லத் தின்னும். பறிபோவது பறிகொடுப்பவருக்கே தெரியாது. அதைத் தொடக்கத்திலேயே பிடிக்கத்தான் அந்தக் கிண்ணம் போன்ற வெள்ளைத் திரை. அதில் அங்கங்கே மின்னும் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாத இடம், பார்வை போன இடம். மின் சுற்றமைப்பு முழுவதும் என்னுடையது. நோயாளிகளோடு உட்காருவது உன் வேலை.

மில் வேலையிலிருந்து ஓய்ந்த ஓர் அம்மாள் ஒரு புள்ளியையும் தவறவிடவில்லை. நான் பூரித்துப்போனேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பொத்தானை அழுத்தியதை நீ பார்த்திருக்கிறாய். லைட்டு தெரிந்ததா என்று மெதுவாகக் கேட்டாய்.

"லைட்டு எங்கம்மா தெரிஞ்சுது? டக்குன்னு சத்தம் வந்துச்சு, அழுத்திட்டேன். பாஸாயிட்டேன்ல?"

ஒவ்வொரு புள்ளியையும் ஏற்றும்போது என் ரிலே சுவிட்ச் 'டக்' என்றது. பரீட்சை என்று நினைத்து வந்தவர்கள் அதைக் கேட்டே அழுத்தியிருக்கிறார்கள். நீ என் பக்கம் திரும்பி, "உன் ரிலே நல்லா வேலை செய்யுதுடி. காது டெஸ்ட்டுக்கு வெச்சுக்கலாம்" என்றாய்.

ரிலேவுக்குப் பதிலாகச் சத்தமில்லாத பாகம் தேடி நான் அலைந்தேன். நீ தடுத்தாய். சத்தம் இருக்கட்டும், நடுநடுவே வெளிச்சமே இல்லாமல் சத்தம் மட்டும் வரட்டும். அதற்கும் அழுத்துகிறவருக்கு எடுத்துச் சொல்லி, திரும்ப எடுக்கலாம் என்றாய். பெரிய கருவிகளில் இப்படிச் சிக்கவைக்கும் பொறி ஏற்கெனவே உண்டு என்று பின்னர் ஒரு புத்தகத்தில் படித்தேன். சின்ன நிம்மதி. ஆனால் நீ அதைப் படிக்காமலே கண்டுபிடித்திருந்தாய்.

உன் இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அந்த வெறும் சத்தத்தைப் பற்றியே பேசினார்கள். சுற்றமைப்பை ஒருவரும் சொல்லவில்லை. உன் படத்துக்குப் பூப்போட வரிசையில் நின்றபோதும் எனக்கு அந்த நினைப்புதான்.

போன மாதம், வயதுக்கான வழக்கமான சோதனைதானே என்று, முத்தியால்பேட்டை கிளினிக்கில் அந்தக் கருவி முன் நானே உட்கார்ந்தேன். இடது கண் முறை வந்தபோது வெகுநேரம் எதுவும் மின்னாதது போலிருந்தது. பயம் வந்தது. சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தினேன். சோதனை எடுத்த பெண்ணுக்கு நான் யாரென்று தெரியாது.

"வெறும் சத்தத்துக்கெல்லாம் அழுத்துறீங்க மேடம். இது பரீட்சை இல்ல. தண்ணி குடிங்க, திரும்ப எடுக்கலாம்."

இரண்டாம் முறை உண்மை வந்தது. இடது கண்ணில் ஒரு மூலை மங்கியிருக்கிறது. ஆரம்பம்தான், மருந்திலேயே நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். உன் வெறும் சத்தம் இல்லாமல், நான் முதலில் செய்தபடியே கருவி இருந்திருந்தால் அன்று நான் பாஸாகி, நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

பொறாமை இன்னும் போகவில்லை. இந்தக் கண் யாரால் தப்பியது என்று வீட்டிலும் சொல்லவில்லை, ஆய்வகத்திலும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். அதுவும், கேட்டுவிட்டு நீ சிரிக்கமாட்டாய் என்ற தைரியத்தில்தான்.