எட்டு இலக்கம்

நாள் 211 — 09:10
சிறுகோள் நிலையம் ஒன்பது. எழுதுபவர்: ரூபன், பாறையியலாளர். துளை ஆழம் 312 மீட்டர். உள்ளழுத்தம் சரி. ஆட்கள் இருவர்: நானும், துளைப்பு எந்திரம் ஓட்டும் ஜெசிந்தாவும். இருவருக்கும் ஊர் தூத்துக்குடி. புறப்படும்போது காதலர்கள். பதினோரு நாட்களாகச் சக ஊழியர்கள். நிலையத்தில் படுக்கை ஒன்றுதான். முறை வைத்துத் தூங்குகிறோம்.

நாள் 212 — 10:00
துளை ஆழம் 315.
பின்னால் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே ஆளுக்கு ஓர் எட்டு இலக்க எண் உண்டு. வெளிக்கதவையும் சொந்தக் கடிதப் பெட்டியையும் அதே எண்தான் திறக்கும். ஜோடியாக வருபவர்களுக்குள் ரகசியம் இருக்காது, ஒரே எண் போதும் என்று திருமணமாகாத பொறியாளர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். தொடர்ந்து மூன்று முறை தவறாகத் தட்டினால் எண் முடங்கும்; வெளிக்கதவு யாருடைய எண்ணுக்கும் திறக்காது. நான்காவது முறை, உள்ளே இருப்பவர் சரியாகத் தட்டினால் விடுபடும். அதுவும் தவறினால் ஒரு நாள் முழுக்கக் கதவு திறக்காது.
மற்றவர்கள் மோதிரம் மாற்றிக்கொள்வார்கள். நாங்கள் எங்கள் எண்களை முதன்முதலில் சந்தித்த தேதிக்கு மாற்றிக்கொண்டோம். இன்று வழக்கம்போல் அவள் பெட்டியைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. என்னிடம் சொல்லாமல் எண்ணை மாற்றியிருக்கிறாள். எனக்கு ஒளிவுமறைவு பிடிக்காது.

நாள் 213 — 14:30
துளை ஆழம் 315. வேலை நடக்கவில்லை.
புதிய எண் யாருடைய தேதி என்று நாகரிகமாகக் கேட்டேன். "ஏல, அது கம்ப்யூட்டரா போட்டுக் குடுத்த நம்பரு. அதுக்கு அர்த்தமும் கெடையாது, மண்ணும் கெடையாது" என்றாள். அவளுடைய கைக்கணினியை மேசை விளிம்பில் அடித்து உடைத்தேன். அவள் 290 மீட்டரில் எடுத்த பாறை மாதிரியால் என் தாடையில் அடித்தாள். இரண்டு பற்கள். பாறை நாங்கள் மதிப்பிட்டதைவிடக் கடினமானது. அட்டவணையைத் திருத்தியிருக்கிறேன். பிறகு அவள் கழுத்தைப் பிடித்தேன். எவ்வளவு நேரம் என்று குறிக்கவில்லை. என் இடது சுண்டுவிரலைப் பின்பக்கமாக ஒடித்தாள். விட்டேன்.

15:20
கட்டுப்பாட்டு மையத்தின் குணசீலன், நாற்பது நிமிடத் தாமதத்தில்: "ஜெசி, ரூபன், சாப்ட்டியளா? ரெண்டு பேருக்கும் நாடித்துடிப்பு நூத்தம்பதுக்கு மேல காட்டுது. சேந்து உடற்பயிற்சி பண்ணுதீங்க போல. சந்தோசம்."
அவளை 'ஜெசி' என்று சுருக்கியதைக் கவனித்தேன்.

நாள் 214 — 11:20
ஜெசிந்தா வெளியே, எந்திரத்தில். உள்ளே இருந்து அவள் எண்ணை மூன்று முறை ஊகித்தேன். அவள் பிறந்த தேதி. அவள் அம்மா பிறந்த தேதி. நாங்கள் பிரிந்த தேதி. மூன்றும் இல்லை. எண் முடங்கியது.

11:52
ஜெசிந்தா, வானொலியில்: "ரூபன், கதவு செவப்பு காட்டுது. என்ன பண்ணித் தொலைச்ச?"
உண்மையைச் சொன்னேன். எந்த உறவுக்கும் அதுதான் அடிப்படை.

11:54
"சரி. என் லெட்டர்தான வேணும்? படிச்சிக்க. நாலு, சைபர், ஏழு, ஒண்ணு, எட்டு, எட்டு, மூணு, ஆறு. தட்டு. காத்து நாப்பது நிமிசத்துக்குத்தான் இருக்கு."

12:03
40718836. இப்படி ஒரு தேதி இல்லை. திருப்பிப் படித்தேன். கூட்டினேன். எழுத்துகளாக மாற்றினேன். எந்த ஆணின் பெயரும் வரவில்லை. அவள் சொன்னது உண்மை என்றால் இது வெறும் எண். வெறும் எண் என்றால் அவளுக்கு வேறு யாரும் இல்லை. வேறு யாருக்காகவும் என்னை அவள் விடவில்லை என்றால், என்னைத்தான் விட்டிருக்கிறாள். இதை ஏற்க முடியாது. பொய் சொல்கிறாள்.

12:08
"தட்டுனியா இல்லியா? ஏல, செத்துருவேன்ல!"

12:10
குணசீலன் பிறந்த தேதியைத் தட்டினேன். தவறு. கதவு நாளை இந்நேரம் வரை திறக்காது. குணசீலனைப் பட்டியலிலிருந்து நீக்குகிறேன்.

12:13
"குணசீலனா? அவருக்குப் பேரன் பொறந்தாச்சு, மூதேவி! எந்திரத்தக் கொண்டு வாரேன். கெழக்குச் சுவத்தத் தொளைக்கப் போறேன். நீ படுக்கையறைக்குள்ள போயி கதவ எறுக்கிச் சாத்திக்க. கெழக்கால நிக்காத. சொல்லிட்டேன்."
என் விண்ணுடை வாசலறையில் தொங்குகிறது. அந்தக் கதவும் பூட்டியாயிற்று.

12:19
படுக்கையறைக்குப் போகச் சொல்கிறாள். நான் போனதும் கடிதங்களை அழிப்பாள். திட்டம் புரிகிறது. கிழக்கு என்று சொன்னால் மேற்காகத்தான் இருக்கும். பாதுகாப்பாகக் கிழக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன். சுண்டுவிரல் வீங்கியிருக்கிறது. வாயில் இன்னும் ரத்தம் வருகிறது.

12:24
"ரூபன், கெழக்கால இல்லதான? பதில் சொல்லு. ஏல, ஒரு வார்த்த சொல்லு."
நான் எங்கே இருக்கிறேன் என்பது என் அந்தரங்கம்.

12:26
முதுகில் அதிர்வு. கிழக்கிலிருந்துதான். அப்படியானால் இந்த ஒரு விஷயத்தில் அவள் சொன்னது உண்

நாள் 214 — 13:05
எழுதுபவர்: ஜெசிந்தா. துளை ஆழம் 0.4 மீட்டர். அதில் சுவர் 0.1. மிச்சம் ரூபன். ஓட்டை வழியாக உள்ளே வந்து, அதைத் தகடு வைத்து அடைத்தாயிற்று. உள்ளழுத்தம் ஏறுகிறது. ஆட்கள்: ஒருவர்.

நாள் 215 — 12:15
பூட்டு விடுபட்டது. என் எண் 40718836. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பெட்டியில் பதினோரு கடிதங்கள். எல்லாம் அம்மா எழுதியவை. அவற்றில் எட்டில், ரூபன் எப்படி இருக்கான் என்று கேட்டிருக்கிறாள். பிரிந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை.
நல்லா இருக்கான் என்று பதில் எழுதினேன்.