புகைக்கூண்டுக்கு நல்ல நேரம்

ஆடி 9, திங்கள்

காற்று. சங்கரன்கோவிலில் வண்டியை விட்டு இறங்கினதும் கண்ணில் மண். ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே துணி மூட்டை, கயிறு, குதிக்கிற குடை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். கடைத்தெரு கமிட்டி ஒதுக்கின இடம் ஊருக்கு வெளியே கரிசல் பொட்டல். சுற்றிலும் பனை, நடுவில் ஒரு புளியமரம். இங்கிருந்து புகை நிரப்பின துணிக் கூண்டில் ஒரு மனுஷனைத் தொங்கவிட்டு மேலே அனுப்ப வேண்டுமாம். இடம் பார்த்த மகராசனுக்குக் கண் எங்கே இருந்ததோ.

சுவரெல்லாம் நோட்டீஸ். ‘வானவீரர் புகைக்கூண்டில் ஏறிக் குடை பிடித்துக் குதிக்கும் அதிசயம்!’ அந்த வானவீரர், என் வீட்டுக்காரர், ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று வாசிக்கிறார். இனி இவருக்குச் சோறு வேண்டாம்.

வாங்க: தடித்த நூல், கோணி ஊசி, அவர் முட்டிக்குத் தைலம். சாத்தூரில் குதித்து முள்ளுக்குள் விழுந்த முட்டி. இன்னும் வீக்கம்.

ஆடி 10, செவ்வாய்

விடியுமுன்னே சின்னக் காகிதக் கூண்டு ஒன்றைக் கொளுத்தி விட்டேன். எங்கே போனாலும் முதல் வேலை இதுதான். நேரே மேலே போனது, சாயவே இல்லை. வெயில் ஏறினதும் இன்னொன்று. ஆள் உயரம்கூட எழும்பவில்லை. படுத்தபடியே போய்ப் பனையில் முட்டி எரிந்தது.

செங்கோட்டைக் கணவாய்க் காற்று. பொழுது ஏற ஏற அதுவும் ஏறும். விடிந்ததும் கூண்டை விட்டால் ஆள் முழுசாக இறங்குவார். பிந்தினால் பனையில் தொங்குவார், இல்லை புகை போடுகிற குழித் தீயில் வேவார். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

மத்தியானம் தோசை. சட்னியில் மண்.

ஆடி 11, புதன்

கமிட்டிக்குத் தலைவர் ஜவுளிக்கடை அண்ணாச்சி. கக்கத்தில் பஞ்சாங்கம். நாளைக்குப் பத்தரைக்கு மேல்தான் நல்ல நேரம், ஆளை மேலே அனுப்புவது அப்போதுதான் என்றார். நான் குறுக்கே விழுந்தேன்.

“விடிஞ்சதும் விடணும் அண்ணாச்சி. அப்பந்தான் காத்து அடங்கிக் கெடக்கும்.”

“என்னம்மா சொல்லுதிய? வியாழக்கிழமை காலம்பற எமகண்டம்லா! அந்நேரம் ஒரு மனுசன மேல அனுப்புனா ஊருக்கு ஆகுமா?”

“பத்தரைக்குக் காத்து பேயா அடிக்கும். துணி சாஞ்சா தீப் பத்திக்கிடும்.”

“ஏம்மா, காத்து இருந்தாத்தானே பறக்கும்?”

சுற்றி இருந்த மண்டைகள் எல்லாம் ஆடின. பட்டம் விடுகிற அறிவை வைத்துக்கொண்டு ஆள் விட வந்திருக்கிறார்கள். எமனுக்குப் பயந்து நேரத்தை மாற்றி, ஆளை அவன் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விடுகிற புத்தி!

வானவீரர் வாய் திறந்தார். “அண்ணாச்சி சொன்னாச் சரிதான்.” சால்வை போர்த்துவார்களாம். அட மானங்கெட்ட மனுஷா.

ஜாகைக்கு வந்து கேட்டேன். “வாயில கொழுக்கட்டையா வச்சிருந்திய?”

“ஊரே கூடியிருக்கு. பயமா இருக்குன்னு சொல்லச் சொல்லுதியா?”

இட்லியைத் தொடவில்லை. வீரருக்குப் பசி இல்லையாம்.

கத்தரி மழுங்கிக் கிடந்தது. தீட்டி வைத்தேன்.

ஆடி 12, வியாழன்

காலையில் காற்று அசையவில்லை. பச்சைக் குழந்தையைக்கூட ஏற்றி விடலாம். அண்ணாச்சி வகையறா எமகண்டம் கழியட்டும் என்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

துணியை விரித்துத் தையல் பார்ப்பது என் வேலை. பக்கத்தில் யாரும் வர மாட்டார்கள். கத்தரியை எடுத்து உச்சித் தையலை ஒரு முழம் பிரித்தேன். புகை அந்த வழியே கசிந்து, கூண்டு தரையை விட்டு எழும்பக் கூடாது. அவ்வளவுதான்.

பத்தரை. தேங்காய் உடைத்தார்கள். குழியில் வைக்கோல், மண்ணெண்ணெய், தீ. புகை ஏறிக் கூண்டு பாதி நிறைந்தது. அதற்கு மேல் நிறையவில்லை. அப்போது வந்தது மேல்காற்று. கூண்டு சாய்ந்து கயிறு பிடித்தவர்களை மண்ணில் இழுத்தது. ஓரம் தீயில் பட்டுப் பற்றியது. மண்ணை வாரிக் கொட்டி அணைத்தோம். அண்ணாச்சி துண்டு பறந்துபோய்க் குழியில் விழுந்தது. நல்ல நேரம்!

“ஏலே, கூண்டு படுத்துட்டு!” ஒரே ஊளை.

“பொம்பள தச்சதுலா, இப்படித்தான் ஆகும்” என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டுப் போகட்டும். சால்வை கடைக்கே திரும்பிப் போனது.

கூட்டம் கலைந்த பிறகு புளியமரத்தடியில் என் வீட்டுக்காரர் துணியைப் புரட்டி உச்சியைத் தேடி எடுத்தார். கிழிசல் இல்லை. நூல் வரிசையாக வெட்டுப்பட்டிருந்தது. அதை விரலால் தடவினார். அறைந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“ஏட்டி, ஒரு முழந்தானா பிரிச்ச?”

“ஆமா.”

“இன்னும் ரெண்டு முழம் பிரிச்சிருக்கலாம்லா. பாதி நெறஞ்சுட்டு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

மாட்டேன் என்ற ஒரு வார்த்தைக்கு நாக்கு எழும்பாத வானவீரர். ஊசியையும் நூலையும் நீட்டினேன், தையுங்கள் என்று. நூல் முனையை எச்சில் தொட்டு மூன்று தரம் குத்தினார், ஊசிக் காதில் ஏறவில்லை. பிடுங்கி நானே கோத்தேன்.