நாற்பது எண்ணும் வரை

அன்பு அருளு,

இன்று காலை எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், உன் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன். அதன் பஞ்சு உறை கறுப்புக் கறுப்பாக உதிர்ந்து காதில் ஒட்டுகிறது. உன் தலைமுடிக்குத் தோதாக நீ இழுத்துவிட்ட பட்டை எனக்குத் தளர்ந்து கன்னம்வரை இறங்குகிறது. சுருக்கிக்கொள்ளலாம். மனசு வரவில்லை.

நீ காய்ச்சல் என்று படுத்து, எழுந்திருக்காமலே போய் ஏழு மாதம் ஆகிறது. ‘சுண்ணாம்பு’ என்று பெயர் வைத்து நெட்டில் ஏற்றினாயே ஒரு பாட்டுத் தொகுப்பு, உன் மிக்ஸ்டேப், அதை முழுதாக நான் கேட்டது இன்றைக்குத்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. யார் யாரோ கேட்டிருக்கிறார்கள். எந்த ஊர்க்காரரோ, கீழே எழுதியிருக்கிறார்: “மழையில பஸ்ஸோட கடைசி சீட்ல தனியா போற மாதிரி இருக்கு. யாருப்பா நீ?” அவருக்கு நீ பதில் போடவில்லை. அங்கே உன் பெயர் இல்லை, முகம் இல்லை, வெள்ளைக் கல் குவியலின் படம் ஒன்றுதான்.

முதன்முதலில் நீ காட்டியபோது நான் கேட்டது நினைவிருக்கிறதா?

“மிக்ஸ்டேப்புங்கிற, டேப் எங்கடா?”

“பேருதாங்க்கா டேப்பு. டேப்பெல்லாம் கெடையாது.”

“பாடுறது யாரு?”

“யாரும் பாடல. இது ட்ராப்புக்கா. அடியில கனமா ஒரு அடி, மேல பொடிப்பொடியா தாளம். மிச்சமெல்லாம் காத்து.”

“காத்தக் கேக்கவா ராவும் பகலும் இப்புடிக் கெடக்குற?”

சிரித்தாய். “அஞ்சாவது மட்டும் கேளுக்கா” என்று நீயே என் காதில் மாட்டிவிட்டாய். கொஞ்ச நேரம் ஏதோ தடதடத்தது. பிறகு சட்டென்று ஒன்றுமில்லை. “வயரு போயிருச்சு போலருக்குடா” என்று பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தேன். நீ மெதுவாக ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு, “சரி விடுக்கா” என்றாய். அப்போதும் சிரித்தாயா? எனக்கு நினைவில்லை. ஏழு மாதமாக அந்த முகத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் பெரம்பலூரிலிருந்து உன் கூட்டாளி சலீம் வந்தான். செல்போன் கடையைச் சாத்திவிட்டு, பைக்கில். உன்னுடையதைக் கொஞ்சம் சுத்தப்படுத்தி மறுபடி ஏற்றப் போகிறானாம். ஃபைல்கள் எல்லாம் அவனிடம்தான் இருக்கின்றன. ஆனாலும் என்னைக் கேட்காமல் செய்ய அவனுக்கு மனசில்லை.

“அக்கா, அஞ்சாவதுல நடுவுல ஒரு எடம் சும்மா கெடக்கு. எல்லாரும் அங்கதான் தள்ளிட்டு அடுத்ததுக்குப் போயிடறாங்க. பத்து செகண்டா கொறச்சிடட்டுங்களா?”

“எனக்கென்னப்பா தெரியும். ஒனக்குத் தெரிஞ்சபடி செய்யி” என்றேன். அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். வரும் திங்கட்கிழமை ஏற்றுகிறான்.

இன்று காலை அந்த இடம் வந்தது. ஹெட்போன் நழுவியதால் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன். சும்மா கிடக்கவில்லை, அருளு. உள்ளே தூரத்தில் ஓர் இரைச்சல். காற்றுமில்லை, தண்ணீருமில்லை. எங்கேயோ கேட்ட இரைச்சல். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் கையால் காதைப் பொத்தினேன்.

அதே இரைச்சல்.

உனக்கு அப்போது மூன்று வயது. எனக்குப் பதினைந்து. அம்மாவும் அப்பாவும் பருத்திக்காட்டுக்குப் போய்விடுவார்கள். மத்தியானம் ஊருக்குப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பதற்குமுன் மூன்று தரம் சங்கு ஊதும். முதல் சங்குக்கே நீ அழத் தொடங்குவாய். மூன்றாவதுக்கு உன்னை மடியில் இழுத்துப் போட்டு இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். உன் உச்சந்தலையில் தாடையை ஊன்றி எண்ணுவேன். என் குரல் உனக்குக் கேட்காது. தாடை இடிப்பதில் எண்ணிக்கை தெரியும். “நாப்பதுக்குள்ள முடிஞ்சிரும்டா” என்று சொல்லி வைத்திருந்தேன். அந்த வெடி காதுக்கு வராது, பாதத்துக்குத்தான் முதலில் வரும். அப்புறம் அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும்.

மறுபடி போட்டுக் கேட்டேன். இரைச்சலுக்குள் மெத்தென்று ஏதோ இடிக்கிறது. விட்டு விட்டு, ஒரே சீராக. எண்ணினேன். நாற்பது. நாற்பதுக்குப் பிறகு, அடியிலிருந்து, அந்தக் கனமான அடி எழும்பியது. என் தாடையைத் தொட்டுப் பார்த்தேன்.

நீ எனக்குச் சொல்லியிருக்கலாமே? இல்லை, நான் நாற்பது எண்ணும் நேரம்கூடப் பொறுக்கவில்லை. அதுதானே நடந்தது?

வார நாட்களில் நான் பள்ளிக்கூட வேலைக்குப் பெரம்பலூர் போய்விடுவதால் சங்கு காதில் விழுவதில்லை. சனிக்கிழமைகளில் விழும். அந்த நேரம் வீட்டில் நான் மட்டும். டம்ளர்கள் அடங்கும்வரை இந்தக் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். அந்த இடத்தில் ஒரு நொடியைக்கூடக் குறைக்க விடமாட்டேன். சலீமைச் சனிக்கிழமை சாப்பிடக் கூப்பிடப் போகிறேன். வாயால் சொன்னால் அவனுக்குப் புரியாது, எனக்கே புரியவில்லையே. மூன்றாவது சங்குக்கு அவனை வாசலில் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, காதைப் பொத்திக்கொள்ளச் சொல்வேன். வளர்ந்த பிள்ளை, கூச்சப்படுவான். அவன் கையாலேயே பொத்திக்கொள்ளட்டும்.

எண்ணுவது நான். இந்த முறை நாற்பதுவரை எண்ணுவேன், அருளு. நடுவில் எதையும் பிடுங்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் காதைப் பொத்திய அக்கா