முதல் இருக்கைக்குக் கேட்காதது

மார்ச் 4

அன்புள்ள சித்தி,

ஞாயிற்றுக்கிழமை படகைக் கரையேற்றிய பிறகு, தலையைத் துவட்டிக்கொண்டே, "வர்ற வழியெல்லாம் அப்படி என்னடி சிரிப்பு? எனக்கும் சொல்லேன்" என்று கேட்டீர்கள். "ஒண்ணுமில்ல சித்தி" என்றேன். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். ஃபோனில் முடியாது. நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள், அப்பா பக்கத்திலேயே இருப்பார். அதனால்தான் நீங்கள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு அனுப்புகிறேன்.

நீங்கள் கூப்பிட்டதால்தான் வந்தேன். பலகைமேல் நின்று துடுப்புப் போட்டுக்கொண்டு, முதுகில் காற்று தள்ள, அலைக்கு அலை தாவித் தனியாகப் போய்ப் பழகியவள் நான். ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் துடுப்பை இறக்குவது புதிது. பலகையில் அலை தூக்கினால் துடுப்பை எடுத்துவிட்டுச் சறுக்குவேன். படகிலும் கை தானாக நின்றுவிட்டது. அடுத்த வீச்சில் என் துடுப்பு, எனக்கு முன்னால் இருந்த பல் டாக்டரின் துடுப்பில் போய் இடித்தது. "மகாராணி ரெஸ்ட் எடுக்கறாங்க" என்றார் அப்பா. அதற்கு நானும் சிரித்தேன். படகு கவிழாமல் இருக்கப் பக்கத்தில் கட்டிய மிதவை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வர, படகு அலையேறி ஓடியபோது நீங்கள் முன்னால் பிடித்த தாளம் என் தோள்வரை வந்து சேர்ந்தது. அது அழகு. அதை மறுக்க மாட்டேன்.

திரும்பும்போது எதிர்காற்று. நீங்கள் முதல் இருக்கை, நான் ஐந்தாவது, எனக்குப் பின்னால் சுக்கான் பிடித்துக்கொண்டு அப்பா. பக்கம் மாற்றுவதற்கு அவர் போடும் சத்தம் உங்களுக்குக் கேட்கும். நடுவில் தணிந்த குரலில் பேசுவது கேட்காது. காற்று அதைப் பின்னாலேயே அள்ளிக்கொண்டு போய்விடும். "மாவு மூட்டைக்குக் கை முளைச்சிருக்கு பாரு" என்றார். பல் டாக்டர் அதைத் தனக்கு முன்னால் இருந்த பேங்க் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் நீச்சல் டீச்சரிடம் சொன்னார். இரண்டாம் இருக்கையோடு அது நின்றுவிட்டது. அடுத்தது, "இவள முன்னாடி வச்சா மிதவையே தேவையில்ல." அதுவும் அப்படியே கைமாறிப் போனது. மூன்றாவதை எழுத மாட்டேன். கட்டிலைப் பற்றியது.

அவர் பேசப் பேச எச்சில் என் கழுத்தில் தெறித்தது. கடல் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

அவர்கள் சிரித்தது உங்களுக்குக் கேட்டது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். உங்கள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன், சித்தி. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தேன்.

அன்புடன்,
பூனை

மார்ச் 11

என் பூனைக்குட்டிக்கு,

கடிதம் வந்தது. லென்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் வைத்துப் படித்தேன். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? போன தடவை கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

முதல் தடவை உட்கார்ந்தவளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், கை கொப்பளிக்கும், எல்லாமே எரிச்சலாகத்தான் தெரியும். உன் அப்பாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனதில் ஒன்றும் கிடையாது. நான் குண்டு என்பது எனக்கே தெரியாதா என்ன? நீ தனியாகவே கடலில் திரிந்து பழகியவள். நாலு பேர் சேர்ந்தால் நாலு விதமாகத்தான் பேசுவார்கள். இதையெல்லாம் மெனக்கெட்டு எழுதாமல் இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீச்சல் டீச்சரும் சிரித்தாளா? அவள் வாரம் தவறாமல் என் வீட்டில் டீ குடிக்கிறவள்.

பிரியமுள்ள
சித்தி

மார்ச் 16

அன்புள்ள சித்தி,

சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், உங்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். நீங்கள் அப்பாவைக் கட்டிக்கொண்டு வருவதற்கு முன்னால், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அப்பாவின் நண்பர்கள் வந்தால் அம்மா சமையலறையில் இருப்பாள். ஹாலில் சிரிப்புக் கேட்கும். அம்மா அங்கிருந்தே சிரித்துக்கொண்டு தட்டோடு வருவாள். அவள் வந்ததும் ஹால் கப்சிப்பென்று ஆகிவிடும். எதற்கு அப்படி ஆகிறது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை படகில்தான் எனக்குப் புரிந்தது.

என் பேச்சை நீங்கள் நம்ப வேண்டாம். ஒரே ஒரு நாள் ஐந்தாம் இருக்கையில் உட்காருங்கள். அதற்குப் பிறகும் மனதில் ஒன்றும் கிடையாது என்று நீங்கள் எழுதினால், நான் இதைப் பற்றிப் பேச மாட்டேன்.

அன்புடன்,
பூனை

ஏப்ரல் 9

பூனைக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. கோபத்தில் இருந்தேன். உன்மேல்தான்.

தோள் வலிக்கிறது என்று சொல்லி ஐந்தாம் இருக்கைக்கு மாறிக்கொண்டேன். முன்னால் புதிதாகச் சேர்ந்த பெண்ணை உட்கார வைத்தார்கள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், ஒல்லி. எதிர்காற்றில் திரும்பும்போது உன் அப்பா ஆரம்பித்தார். "கொடியில காயப் போட்ட சட்ட மாதிரி இருக்கா. காத்தடிச்சா நாமதான் ஓடிப் பிடிக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததோடு விட்டேனா? முன்னால் இருந்த பல் டாக்டரிடம் நானே சொன்னேன். உன் அப்பா துடுப்புக் கைப்பிடியால் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார், சபாஷ் என்பதுபோல. இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படித் தட்டிக்கொடுத்ததே இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெண்ணும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். நான் படகுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன்.

என்னைப் பற்றியும் இப்படித்தான் பேசுவீர்களா என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். "விளையாட்டுக்குப் பேசறதெல்லாம் ஒரு பேச்சா? யாரு உனக்கு ஓதினது, அந்தப் பலகைக்காரியா?" என்றார்.

"யாரும் ஓதல. நானும் சிரிச்சேன்ல, அதான் கேக்கறேன்" என்றேன்.

"அப்புறம் என்ன? சிரிச்சல்ல?" என்றுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அந்தப் பெண்ணின் மருந்துக் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் மாத்திரை எண்ணிக்கொண்டே கேட்டாள். "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ கொஞ்ச நாளைக்கு இங்கே வர வேண்டாம். உன்னைப் பார்த்தால் எனக்கு எல்லாம் ஞாபகம் வரும். போன புதன்கிழமை என் துணிமணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கண்ணாடிக் கடைக்கார அம்மா வீட்டு மாடியில் ஓர் அறை. தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும்.

சித்தி